வாலில் கயிறு இருந்தது

1

போன சனிக்கிழமை சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டுக் கோப்பையோடு நின்ற என்னை, ஊரில் தெரிந்த ஒருவர் பல வருடங்களுக்குப் பிறகு அடையாளம் கண்டு வந்தார். முதல் கேள்வியாக, இங்கே எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"இப்ப என்ன செய்யிறியள்?"

"திமிங்கிலம் எண்ணுறன்," என்றேன்.

சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

"பகிடியை விடுங்கோ. வேலை என்ன?"

"பகிடியில்லை. குளிர் காலத்தில கிழமைக்கு மூண்டு நாள் படகில போறன்."

படகு என்றதும் சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. இந்த வருடங்களில் இந்த நாட்டில் நம்மவர் காதில் அந்தச் சொல் ஒரே அர்த்தத்தில்தான் விழுகிறது. அங்கே நின்றவர்களில் ஒருவன் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். அப்படியொரு அகதிப் படகில் வந்தவன். தற்காலிக விசாவில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

"நாங்கள் வரேக்க ஒண்டைக் கண்டனாங்கள் அண்ணை," என்றான். "படகைப் பிரட்டப் போகுதெண்டு எல்லாரும் கத்தினவை. அது எங்களைப் பாத்திட்டுத் தன்ர பாட்டில போட்டுது."

பிறகு, "எண்ணி என்ன அண்ணை செய்யிறது?" என்று கேட்டான்.

நையாண்டியாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டான். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் அந்தக் கேள்வி வரும்.

2

ஊரில் நான் வானிலை அவதானிப்பாளன். திருகோணமலையில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு சிறிய நிலையத்தில் பதினாறு வருடம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மொட்டை மாடிக்கு ஏறி, காற்று எங்கிருந்து வருகிறது, முகில் எவ்வளவு, கடல் எப்படி என்று பார்த்து, எல்லாவற்றையும் ஐந்தைந்து இலக்கங்களாக மாற்றி வானொலியில் கொழும்புக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு திமிங்கிலத்தையும் நான் காணவில்லை. கடலைப் பார்த்தவனே தவிர, கடலில் போனவன் அல்ல.

சிட்னியில் அந்த அனுபவத்துக்கு விலையில்லை. இங்கே அதையெல்லாம் கருவிகள் தாமே செய்கின்றன. பிளாஸ்ரிக் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் நின்றேன். 2010இல் அவர்கள் இயந்திரங்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது.

வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் உதவித் தொகை தரும். ஆனால் சும்மா தராது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வேலைவாய்ப்பு முகவர் நிலையத்துக்குப் போய், எங்கெங்கே விண்ணப்பித்தேன் என்று காட்ட வேண்டும். ஐம்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: குறிப்பிட்ட மணி நேரம் தொண்டு வேலை செய்தால் அதையே ஏற்றுக்கொள்வார்கள். பழைய உடுப்புக் கடை, முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்.

எங்கள் பகுதி நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சுற்றுலாப் படகுகளில் போய்த் திமிங்கிலங்களைப் பதிவு செய்ய ஆட்கள் தேவை. முன் அனுபவம் வேண்டாம். பொறுமையும் தெளிவான கையெழுத்தும் வேண்டும். கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன். இந்த நாட்டில் என் கையெழுத்தை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த சந்திப்பில் முகவர் நிலையத்தில் என்னுடைய கோப்பைப் பார்க்கும் ரீமா என்ற பெண்ணிடம், "நான் தொண்டு வேலைக்கு வேல்ஸ் போகிறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "எவ்வளவு காலத்துக்கு?"

"குளிர் காலம் முழுவதும்."

"மிஸ்டர் பரமநாதன், நாட்டை விட்டு வெளியே போனால் உதவித் தொகையை நிறுத்திவிடுவோம். அது உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்கு விளங்கவில்லை. படகு எல்லையைத் தாண்டிப் போகாது, மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடும் என்றேன். திமிங்கிலத்துக்கு ஆங்கிலத்தில் 'வேல்'; அவள் காதில் அது பிரித்தானியாவில் இருக்கும் வேல்ஸ் நாடாக விழுந்திருக்கிறது. மூன்று மணி நேரத்தில் வேல்ஸ் போய்த் திரும்புகிறவனை அவள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டாள். கடைசியில் அவளுடைய கடதாசியில் ஒரு மீனை வரைந்து, தலையில் தண்ணீர் பீய்ச்ச விட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, படகு நிறுவனத்திடமும் ஆராய்ச்சிக் குழுவிடமும் கையொப்பம் வாங்க ஏழு படிவம் தந்தாள். ஏழையும் ஒரே கிழமையில் நிரப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி மலர் அவ்வளவு இலேசில் விடவில்லை. அவள் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் விடிய ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவள்.

"உங்களுக்கென்ன விசரே? நான் அங்க சட்டி பானை கழுவ, நீங்கள் கப்பல்ல உல்லாசப் பயணமோ?"

"உல்லாசமில்லையப்பா. எழுதிற வேலை."

"காசு வருமோ?"

"வராது. ஆனா நான் செய்யத் தெரிஞ்ச வேலை."

பெட்டியில் எனக்குச் சோறு கட்டினாள். கோபமாகத்தான் கட்டினாள்.

3

2011 யூன் மாதம் முதல் பயணம். குழுவின் தலைவி ஹெலன் என்ற கடல் உயிரியல் ஆய்வாளர். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர். படகை ஓட்டுபவர் கிரெக். அவர் என் பெயரை ஒரு தடவை கேட்டுவிட்டு, "நேதன் என்று கூப்பிடுகிறேன், சரிதானே மேட்?" என்றார்.

துறைமுக வாசலைத் தாண்டிய பத்தாவது நிமிடம் நான் சத்தியெடுக்கத் தொடங்கினேன். ஆறு கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வந்து போனதாகப் பிறகு சொன்னார்கள். நான் கண்டது கடதாசிப் பையின் அடியை. கமராவோடு வந்த சுற்றுலாப் பயணிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் பயணமும் அப்படியே. இறங்கும்போது ஹெலன் மென்மையாகச் சொன்னார்: "இது எல்லாருக்கும் ஒத்துவராது. கரையில் இருந்தும் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை."

"எனக்கு இரண்டு கிழமை தாருங்கள்," என்றேன்.

மறுநாளிலிருந்து மான்லிக்குப் போகும் பயணிகள் கப்பலில் ஏறினேன். அது துறைமுகத்துக்குள்ளேயே ஓடுவது. ஆனால் நடுவழியில் துறைமுக வாசலைக் கடக்கும்போது வெளிக்கடல் அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும். காலையில் போக வர மூன்று தடவை, பின்னேரம் மூன்று தடவை. முன்பக்கத்தில் நின்று, கடலும் வானமும் தொடும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டு. நாலாம் நாள் ரிக்கற் பார்க்கும் மனிதர், "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எட்டாம் நாள் வயிறு அடங்கியது. பத்தாம் நாள் அலைக்கு நடுவே நின்றபடி எழுதிப் பார்த்தேன். எழுத்து ஆடவில்லை.

வயிறு சரிவர, ஆங்கிலம் காலை வாரியது. கண்காணிப்பவர்கள் திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டால், "ப்ளோ! ரூ ஓ குளொக்!" என்று கத்துவார்கள். நான் நேரப் பத்தியில் இரண்டு மணி என்று எழுதினேன். அடுத்து "லெவன் ஓ குளொக்!" என்றார்கள். பதினொன்று என்று எழுதினேன். இந்த நாட்டவர் நேரத்தில் இவ்வளவு கவனமில்லாதவர்களா என்று மனதுக்குள் கொஞ்சம் குறைப்பட்டும் கொண்டேன். திரும்பி வந்ததும் ஹெலன் தாளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பரம், இந்தத் திமிங்கிலம் இரண்டு மணிக்கு வந்து, மூன்று மணி நேரம் பின்னோக்கிப் போய்ப் பதினொரு மணிக்கு இன்னொன்றோடு சேர்ந்திருக்கிறது."

படகின் மூக்கைப் பன்னிரண்டு என்று வைத்து, மணிக்கூட்டு முகம் போலத் திசை சொல்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். காது சூடாகிவிட்டது. ஆனால் அன்றிரவே வட்டம் ஒன்று கீறி, ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பாகை என்று குறித்து, என் எழுதும் பலகையின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டேன். யூலை வந்தபோது ஹெலன் என்னைத் தனியாகப் படகில் அனுப்பத் தொடங்கியிருந்தார்.

4

அன்று வியாழக்கிழமை. தென்மேற்குக் காற்று, கடல் நிலை நாலு. நாற்பதுக்கும் அதிகமான பயணிகள். ஆய்வுக் குழுவில் நான் ஒருவன்தான்.

மூன்று திமிங்கிலங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. இரண்டு, சனம் விரும்பிய மாதிரியே துள்ளின. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மூன்றாவது பின்னால் தனியே வந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டும் முங்கினால் ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் வரும். இது நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது. முங்கும்போது வாலைத் தூக்கவேயில்லை. தொலைநோக்கியை அதிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் தடவை முதுகு வளைந்து இறங்கியபோது, வால் தொடங்கும் இடத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. ஒரு கணம்தான்.

கிரெக்கிடம் ஓடினேன். "கயிறு. வாலில் கயிறு."

அவர் எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். "கடற்தாவரமாக இருக்கும் மேட். அடிக்கடி சுற்றிக்கொண்டு வரும்."

"அந்த நிறத்தில் கடற்தாவரம் இல்லை."

"வேறு யாராவது கண்டார்களா?"

"இல்லை. நான் மட்டும்."

அவர் நேரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்குத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். பின்னேரப் பயணத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்கும் நிலைமை தெரியும். கயிறு மாட்டிய திமிங்கிலத்தைக் கண்டால் மீட்புக் குழு வரும்வரை படகு அதை விட்டு அகலக்கூடாது. அகன்றால் அந்தப் பெரிய கடலில் பிறகு யாராலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. குழு வர இரண்டு மணி நேரம் ஆகலாம். நான் அந்தப் படகில் நிற்பதே நிறுவனம் இலவசமாக விட்ட ஓர் இடத்தில்.

"நிச்சயமா?" என்று கேட்டார் கிரெக்.

இந்த இடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1989இல் ஒரு பின்னேரம், வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மொட்டை மாடிக்கு ஏறவில்லை. அறைக்குள் இருந்தபடி காற்றையும் முகிலையும் ஊகித்து எழுதி, கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவுமில்லை. ஆனால் நான் பார்க்காத காற்று ஒன்று எங்கோ ஒரு பதிவேட்டில் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது. கிரெக் "நிச்சயமா?" என்றபோது அந்தத் தாள்தான் கண்ணுக்குள் வந்தது. இந்தத் தடவை நான் பார்த்திருந்தேன்.

"ஓம்," என்றேன், தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "இன்னும் ஒன்றரை நிமிடத்தில், பத்து மணித் திசையில், நூற்றைம்பது மீற்றருக்குள் அது எழும்பும். வால் பக்கத்தைப் பாருங்கள்," என்றேன்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் போனது. இரண்டும் ஆகப் பார்த்தது. அப்போது அது எழும்பியது, பத்து மணித் திசையில். முதுகு வளைந்தது.

"ஏதோ இருந்தது," என்றார் கிரெக். "என்னவென்று சத்தியம் பண்ண மாட்டேன்." இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். "இது கடற்தாவரமாக இருந்தால், நேதன், உன் கடைசிப் பயணம் இது. சிலவேளை என்னுடையதும்."

வானொலியில் மீட்பு நிலையத்தைப் பிடித்து, ஒலிவாங்கியை என் கையில் தந்துவிட்டார். "எழுதி வைத்திருப்பவன் நீதானே."

நான் சொன்ன "ரோப்" அந்தப் பக்கம் போய் வேறு எதுவாகவோ கேட்டது. "திரும்பச் சொல்லுங்கள்." திரும்பச் சொன்னேன். "மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள்." பயணிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொற்களை விட்டுவிட்டு இலக்கங்களுக்குப் போனேன். நிற்கும் இடம், நேரம், திசை, வேகம், முங்கும் இடைவெளி. ஒவ்வோர் இலக்கமாக, நடுவில் சரியான இடைவெளி விட்டு, கொழும்புக்குச் சொன்ன அதே குரலில். குரல் தானாக வந்தது. மறுமுனையில் இருந்தவர் ஒன்றைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. முடிந்ததும், "தெளிவாகக் கிடைத்தது. அதோடேயே நில்லுங்கள்," என்றார்.

பயணிகளுக்கும் ஒலிபெருக்கியில் நானே சொன்னேன். என் ஆங்கிலத்தில் நாலு வசனம். இந்த விலங்கின் வாலில் கயிறு இருக்கிறது. நாங்கள் போனால் இதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உதவி வரும்வரை நிற்கப் போகிறோம். மன்னிக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கத்தினார்.

"தெரியாது."

"நான் காசு கொடுத்தது திமிங்கிலம் பார்க்க. இங்கே குந்திக்கொண்டிருக்க இல்லை."

சிவப்புத் தொப்பி போட்ட வயதான பெண் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "அதைத்தானே இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்," என்றார்.

இரண்டு மணி நேரமும் இருபது நிமிடமும் நின்றோம். பாதிப் பேருக்குக் கடல் நோய் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் இஞ்சியைத் துண்டுபோட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். முதலில் கத்திய மனிதரும் வாங்கிக்கொண்டார். நிறுவனத்திலிருந்து கிரெக்குக்கு மூன்று தடவை அழைப்பு வந்தது. மூன்றாவது அழைப்பில் அவர், "பின்னேரப் பயணத்தை நிறுத்துங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். ஒவ்வொரு நாலு நிமிடமும் நான் கையை நீட்டிக் காட்ட, கிரெக் அந்தத் திசைக்குப் படகைத் திருப்பினார்.

மீட்புக் குழுவின் சிறிய இறப்பர் படகு வந்து, திமிங்கிலத்துக்குப் பின்னால் போனது. அதிலிருந்தவர் நீண்ட தடியில் கமராவைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மூன்று விரலை உயர்த்தினார். மூன்று சுற்று.

கிரெக் என் முதுகில் ஒன்று போட்டார். வலித்தது.

5

அது நல்லபடி முடிந்த கதை என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் போகுமுன் இரண்டு சுற்றை வெட்டினார்கள். மூன்றாவது தோலுக்குள் இறங்கியிருந்தது. மறுநாள் வடக்கே தேடிப் போனபோது கடல் கொந்தளித்தது, திமிங்கிலத்தைக் காணவில்லை. மிச்சக் கயிறு தானாகக் கழன்று விழலாம், விழாமலும் போகலாம் என்றார் ஹெலன்.

நிறுவனத்தின் மேலாளர் ஹெலனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் நன்றி ஒரு வரி. இனி அவதானிப்பாளர்கள் பயணிகளிடம் ஒலிபெருக்கியில் பேசக்கூடாது என்பது ஒரு பந்தி. கிரெக்கின் வேலை போகவில்லை. ஆனால் அந்த மாதம் அவரைத் துறைமுகத்துக்குள் ஓடும் விருந்துப் படகுக்கு மாற்றினார்கள். ஹெலன் என்னிடம் முழு அறிக்கை கேட்டார், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம்.

எழுதிவிட்டு மகள் அபியிடம் கொடுத்தேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், மருத்துவ விஞ்ஞானம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் பெரும்பாலும் ஒரு சொல்லில். குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பிழை திருத்தினாள். 'ஐ சோ', நான் பார்த்தேன், என்று தொடங்கிய முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"டாட், 'ஐ சோ' என்று எழுதக்கூடாது. 'அவதானிக்கப்பட்டது' என்றுதான் எழுத வேணும். சயன்ஸில் அப்படித்தான்." ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

"ஆர் அவதானிச்சது?"

"அது முக்கியமில்லை. தட்ஸ் த பொயின்ற்."

"முக்கியம் அபி. நாப்பது பேர் அந்தப் படகில நிண்டவை. ஒருத்தரும் காணேல்ல. நான்தான் பாத்தனான். பிழையெண்டா நான் பிழை எண்டு இருக்க வேணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, முழு அறிக்கையையும் வாசித்தாள். முதலில் பிழை தேடி வாசித்தவள், நடுவிலிருந்து என்ன நடந்தது என்று அறிய வாசித்தாள். திருத்தும் விரல் நின்றுவிட்டிருந்தது. ஒன்றரை நிமிடக் கட்டத்துக்கு வந்ததும், "அப்பா, அது எழும்பாமல் விட்டிருந்தா?" என்றாள், தமிழில்.

"எழும்பாட்டி எழும்பேல்ல எண்டு எழுதியிருப்பன்."

இலக்கணப் பிழை முப்பத்தொன்றைத் திருத்தினாள். "ஐ சோ" என்று இருந்த ஒன்பது இடத்தையும் தொடவில்லை.

அடுப்படியில் நின்ற மலர், "இந்த மனுசன் எனக்குக் கலியாணம் பேசேக்க இவ்வளவு கதைக்கேல்ல," என்றாள்.

6

இது என் மூன்றாவது பருவம். நடுவில் வேலையும் கிடைத்தது, ஒரு பாடசாலையில் துப்புரவுப் பணி, பின்னேரங்களில். இப்போது உதவித் தொகை இல்லை. ரீமாவின் படிவங்களும் இல்லை. படகுக்கு என்னை யாரும் போகச் சொல்லவில்லை. காலையில் படகு, பின்னேரம் பாடசாலை. கிரெக்கும் திரும்பக் கடலுக்கு வந்துவிட்டார்.

வடக்கே போன திமிங்கிலங்கள் வசந்த காலத்தில் குட்டிகளோடு தெற்கே திரும்பும். 2011இல் அவை திரும்பத் தொடங்கியபோது, என் தாளின் ஓரத்தில் கையால் ஒரு பத்தி கூட்டிக் கீறினேன்: வாலில் கயிறு அல்லது கயிற்றுத் தழும்பு. ஒவ்வொரு வாலையும் அதற்காகப் பார்த்தேன். அந்த வருடம் அது வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. சில வால்களில் சுறா கடித்த தழும்பு இருந்தது. சிலவற்றில் ஒட்டுச் சிப்பிகள் இருந்தன. கயிறு இல்லை.

இந்த மாதம் ஹெலன் புதிய தாள் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். பழைய தாள்களைப் புரட்டியவர் என் பத்தியில் விரலை வைத்தார்.

"பரம், மூன்று பருவமாக இதில் பூச்சியம்தான் இருக்கிறது. இதை விட்டுவிடலாமா?"

"வேண்டாம்," என்றேன். "வானிலை நிலையத்தில் மழை பெய்யாத நாளில் நாங்கள் மழைக் கட்டத்தை வெறுமையாக விடுவதில்லை. பூச்சியம் என்று எழுதுவோம். வெறுமையாக விட்டால், யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்."

ஹெலன் அந்தப் பத்தியைப் புதிய தாளில் அளவுகோல் வைத்துக் கீறினார்.

நேற்றுப் புதிய தாளோடு போனேன். வடகிழக்குக் காற்று, கடல் நிலை மூன்று. தெற்கே போன ஒன்பது திமிங்கிலங்களில் ஏழின் வால் தெரிந்தது. ஏழையும் பார்த்தேன். பூச்சியம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.